வாரேன் என்று சொல்லாதவள்

நான் சீரியல் எழுதுகிறவள். இதைச் சொன்னதும் படித்தவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 'ஐயோ பாவம்' என்பதற்கும் 'அடச்சே' என்பதற்கும் நடுவில் நிற்கிற சிரிப்பு. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை கல்லூரி ஆசிரியர் ஒருவர், "எங்க வீட்ல சீரியலே பாக்குறதில்லைங்க" என்றார், ஏதோ பீடியை விட்டவர் மாதிரி. "உங்க வீட்டுக்காரம்மாகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்து சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்கிறார்.

'ஜவ்வா இழுக்குறீங்களே' என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இழுக்கிறோம்தான். ஒருத்தி பால் சொம்போடு கூடத்திலிருந்து அடுப்படிக்குப் போய்ச் சேர்வதற்குள் விளம்பரம் வந்துவிடும். மாமியார் ஒரு வார்த்தை சொன்னால் கூடத்தில் நிற்கிற அத்தனை பேர் முகத்தையும் காட்டியாக வேண்டும், வீடு கூட்டுகிற அம்மா முகம் உட்பட. எனக்குத் தெரியாதா இதெல்லாம்? ஆனால் மெதுவாகப் போவதே குற்றம் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தில் மனத்தாங்கல் வந்தால் அது தீர நாலு பொங்கலும் ரெண்டு முளைப்பாரியும் ஆகும். ஒரு மருமகளின் குரல் மாற வருஷக்கணக்காகும். அதை அரை மணி நேரத்தில் மாற்றிக் காட்டுகிறவன்தான் பொய் சொல்கிறான். எங்கள் குறை வேறு. ஆட்களை இருந்த இடத்திலேயே கட்டிப்போட்டுவிட்டு, கேமராவை மட்டும் அவர்களைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுகிறோமே, அதுதான் குறை. அந்தக் குறையோடுதான் நான் சண்டை போட்டேன்.

சென்னையில் பல வருஷம் இருந்து எழுதினேன். அய்யா இறந்ததும் அம்மா தனியாகிவிட்டாள் என்று ஊருக்கு வந்துவிட்டேன். திருப்புல்லாணியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஊர், மானாவாரி நிலம். நெல் அறுத்த பிறகு மிளகாய்தான் எங்களுக்குச் சோறு. இப்போது எழுத்து வேலை முழுக்க போனிலும் லேப்டாப்பிலும் நடக்கிறது. களத்தில் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். அந்த நெடி மூக்கில் ஏற, தும்மிக்கொண்டே மாமியார் வசனம் எழுதுவேன். அந்த மாமியார் பேச்சு அவ்வளவு காரமாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று எதிர்வீட்டு மதினி சொல்வாள். மதினி என் பெரியப்பா மகனின் மனைவி. சீரியல் நேரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், ஏனென்றால் அவள் வீட்டில் அந்த நேரம் கிரிக்கெட் ஓடும்.

காலையில் களத்துக்குப் போனால் வேலைக்கு வந்த பெண்கள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். சோடை வேறு, நல்ல காய் வேறு என்று கை அதுபாட்டுக்குப் பிரிக்கும். வாய், நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த சீரியலை வைத்து என்னை வறுத்தெடுக்கும்.

"ஏத்தா, அந்த மூத்த மருமக நேத்து மாமியாகாரிய ஓங்கி ஒண்ணு விட்டிருக்கலாம்ல?"

"விட்டா கதை முடிஞ்சு போகும் பெரியம்மா."

"முடியட்டுமே. எனக்கு மனசு ஆறும்ல?"

"அந்தப் புருசன்காரனுக்கு நாக்கு இருக்கா இல்லையா?" என்பாள் இன்னொருத்தி. "இருந்தா ஒருநா பேசச் சொல்லு. இல்லாட்டி ஊமைன்னு எழுதிப் போடு."

அவர்கள் கேட்கிற அடியை நான் கொடுக்க மாட்டேன். ஒரு அறை விட்டால் கை தட்டலாம், மறுநாள் அந்த அறை விட்டவள் அதே அடுப்படியில் அதே சேலையோடு நிற்பாள். எனக்கு அவள் அந்த அடுப்படியிலிருந்து வெளியே போக வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, அவளாகவே மாறி, ஒருநாள் காலெடுத்து வெளியே வைக்க வேண்டும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்த சீரியலில் அத்தனை அழுகையையும் சகித்துக்கொண்டு எழுதினேன்.

சேனல்காரர்கள் அவளுக்குக் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று, அழுவது. 'ஒன்லைன்' என்கிற கதைச் சுருக்கத்தில் தினமும் 'மூத்த மருமகள் மனம் உடைகிறாள்' என்று வரும். எத்தனை தடவைதான் உடையும் ஒரு மனசு? வசனம் என் கையில் இருந்தது. அவர்களுக்குத் தெரியாமல் அதில் நான் ஒரு வேலை பார்த்தேன்.

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. உப்பு வாங்கக் கடைக்குப் போனாலும் வாரேன். கடலுக்குப் போகிறவரும் வாரேன். கீழக்கரையிலிருந்து துபாய்க்கு விமானம் ஏறப் போகிறவர், திரும்ப எத்தனை வருஷம் ஆகுமோ, அவரும் வாசலில் நின்று வாரேன் என்றுதான் சொல்லிப் போகிறார். 'போறேன்' என்றால் அது திரும்பாத பேச்சு. சின்னப் பிள்ளை வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூட நிறுத்தி வைத்து, 'போயிட்டு வாரேன்னு சொல்லு' என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். தமிழ் பேசுகிற எல்லா ஊரிலும் இது உண்டு. எங்கள் ஊரில் கொஞ்சம் முரட்டுப் பிடி.

சீரியல் தொடங்கிய புதிதில் மூத்தவள் கோயிலுக்குக் கிளம்பினால் கூடத்தில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொள்வாள். அத்தை, வரேன். மாமா, வரேன். கொழுந்தனிடம், நாத்தனாரிடம், புருஷனிடம், எல்லோரிடமும் வரேன், வரேன். அரை எபிசோடு அதிலேயே ஓடும். இயக்குநருக்கு ரொம்பப் பிடித்தது, நேரம் நிரம்புகிறதே. பிறகு நான் ஒவ்வொருவராகக் கழிக்க ஆரம்பித்தேன். கொழுந்தன் அவள் நகையைப் பற்றிப் பேசிய பிறகு அவனிடம் சொல்லிக்கொள்வதை விட்டாள். நாத்தனார் அவள் சமைத்ததைக் கொட்டிய பிறகு அவளிடமும் விட்டாள். கடைசியில் மாமியாரிடமும் விட்டு, புருஷன் ஒருவனிடம் மட்டும் சொல்கிறவளாக ஆனாள். வசனத்தில் யாரும் கோபப்படவில்லை, சபதம் போடவில்லை. அவள் விடைபெறுகிற ஆட்கள் மட்டும் குறைந்துகொண்டே வந்தார்கள்.

சேனலில் ஒருவரும் கவனிக்கவில்லை. என் அம்மா கவனித்தாள்.

"ஏடி, இவ ஏன் இப்பல்லாம் மாமியாகிட்டச் சொல்லிக்காமக் கெளம்புறா?"

எனக்குப் புல்லரித்தது. "நீயே சொல்லும்மா, ஏன்?"

"மரியாத தெரியாத கழுதையா மாறிட்டு வாரா. வேறென்ன?"

அம்மா அப்படித்தான் சொல்வாள். அவளுக்கு 'போறேன்' என்ற சொல்லோடு ஒரு வழக்கு இருக்கிறது. பிரதிவாதி நான்.

பரமக்குடிப் பக்கம் ஒரு ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டில் என்னை யாரும் அடிக்கவில்லை. "அடிச்சாகளா? சூடு வச்சாகளா? பெறகு என்னடி ஒனக்குக் கேடு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நான் பேசினால் பதில் வராது, அவ்வளவுதான். குழம்பு எப்படி என்று கேட்டால் பதில் வராது. காய்ச்சல் அடிக்கிறது என்று சொன்னால் பதில் வராது. நான் சொன்ன வாக்கியம் அந்தக் கூடத்தில் அப்படியே விழுந்து கிடக்கும், எடுப்பார் இருக்க மாட்டார்கள். ஒருநாள் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று "நான் போறேன்" என்றேன். அதற்கு மட்டும் அத்தனை பேரும் பதறிக்கொண்டு எழுந்தார்கள். அந்த வீட்டில் நான் சொல்லி அவர்கள் காதில் விழுந்த முதல் சொல் அதுதான். அம்மா வீட்டுக்கு வந்தால் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்று தெரியும். ரயிலேறி நேரே சென்னைக்குப் போய்விட்டேன்.

படுக்கையில் கிடையாகக் கிடந்த மாமனார் அந்த வாரமே கண்ணை மூடினார். அந்த வீட்டார் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 'வாசப்படியில நின்னு அவ சொன்ன சொல்லுதான் உசுர எடுத்துருச்சு.' என் வாய்க்கு அவ்வளவு பலிக்கிற சக்தி இருந்திருந்தால், அந்த வீட்டில் முதலில் போயிருக்க வேண்டிய ஆள் மாமனார் இல்லை. இதை நான் சிரித்துக்கொண்டு சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அம்மா அந்தப் பழியை நம்பினாள். வாரேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று இன்றைக்கும் நம்புகிறாள். நான் சென்னையில் என்ன ஆனேன் என்று அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

ஆகையால் மூத்தவளின் அந்தக் காட்சி எனக்கு வெறும் காட்சியாக இருக்கவில்லை. ஒருத்தி அந்தச் சொல்லை டி.வி.யில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மா முன்னால் சொல்ல வேண்டும். அவள் ஏன் சொன்னாள் என்று அம்மாவுக்குப் புரியும்படி, அத்தனை நாளும் பொறுமையாகக் கூட வந்து பார்த்த பிறகு சொல்ல வேண்டும்.

எழுதினேன். மூத்தவள் பையோடு கூடத்துக்கு வருகிறாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. வாசலில் புருஷன் நிற்கிறான். அவனைப் பார்த்து, "போறேன்" என்கிறாள். அவ்வளவுதான் வசனம். இசை வேண்டாம் என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். இயக்குநர், "ஒத்த வார்த்தைக்கு எப்படிம்மா எபிசோடை முடிக்கிறது?" என்று இழுத்தார். கெஞ்சி, மிரட்டி, வேலையை விட்டுவிடுவேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன்.

ஒளிபரப்பான அன்று சாயங்காலம் அம்மாவும் மதினியும் நானும் உட்கார்ந்திருந்தோம். இசை போட்டிருந்தார்கள், இடி மின்னலோடு. முகத்தை மூன்று தடவை காட்டினார்கள். போகட்டும். மூத்தவள் வாசலுக்கு வந்தாள், புருஷனைப் பார்த்தாள், உதட்டைக் குவித்தாள்.

"போய்ட்டு வரேங்க" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். மதினி, "அப்பாடி, வாரேன்னு சொல்லிட்டா, திரும்ப வந்துருவா" என்றாள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "நல்ல பிள்ளைக்கு நல்ல வாக்குதான் வாயில வரும்" என்றாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "சில பேருக்குத்தான் அந்த வாய் இல்ல" என்றும் சேர்த்தாள்.

"அது அவ வாயில வரலம்மா! நான் எழுதுனது அது இல்ல!"

"நீ எழுதாட்டி என்ன? சாமி மாத்தி வச்சிருச்சு."

சாமி இல்லை. டப்பிங். அந்த நடிகை பெங்களூர்க்காரப் பெண், தமிழ் பேச வராது, வசனத்தை மனப்பாடம் செய்து வாயசைப்பாள். குரல் கொடுப்பது வடபழனிப் பக்கம் இருக்கிற ஒரு பெண். நடிகை படப்பிடிப்பில் சரியாகத்தான் 'போறேன்' என்று சொல்லியிருக்கிறாள். குரல் கொடுத்தவள்தான் அதே உதட்டசைவுக்குள் 'போய்ட்டு வரேங்க' என்று அடைத்துவிட்டிருக்கிறாள். பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவுக்காரருக்கும் அதுதான் சரியாகப் பட்டிருக்கிறது. தமிழ் தெரிந்த வாய் எழுதியதைச் சொல்ல ஒப்பவில்லை, தமிழ் தெரிந்த காது மாற்றியதைத் தப்பென்று கேட்கவில்லை. அத்தனை மாதம் ஒவ்வொரு வரேனாக நான் பிடுங்கி எடுத்தது ஒரு நொடியில் வீணாகிப்போனது.

மறுநாள் சேனலிலிருந்து ஒரு தம்பி பேசினார். கதையைத் தீர்மானிக்கிற பொறுப்பில் இருக்கிறவர், என்னைவிட வயதில் இளையவர், பேச்சு எப்போதும் தேன்.

"மேடம், சூப்பர் எபிசோட். வரேன்னு சொல்லிட்டுத்தானே போயிருக்காங்க. அப்போ ரிட்டர்ன் ஈஸி. திரும்பி வந்து மாமியார் கால்ல விழுறாங்க. மழை வச்சுக்கலாம்."

"அவ எதுக்குங்க விழணும்?"

"அப்படி வேணாமா? அப்ப நெகட்டிவ் பண்ணிடலாம். வந்ததும் வேற ஆளா மாறிடுறாங்க. பால்ல எதையாவது கலக்கட்டும். ரேட்டிங் பிச்சுக்கும்."

"தம்பி, இத்தனை மாசமா சாந்தமா இருந்தவ, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு வந்ததும் விஷம் கலக்குவாளா? எந்த ஊர்லங்க அப்படி நடக்கும்?"

"சீரியல்ல நடக்கும் மேடம்" என்று சிரித்தார். "ஒன்லைன் ரெண்டு வரியில அனுப்பிடுங்க. ரிட்டர்ன் மட்டும் கண்டிப்பா வேணும்."

அழுகையா விஷமா, ரெண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார். காலில் விழுந்தால் நல்லவள், நிமிர்ந்து நின்றால் வில்லி. போனை வைத்துவிட்டுக் களத்தில் வெயிலில் அப்படியே நின்றேன். வேலைக்கு வந்த பெண்கள், "என்னத்தா, வந்துருவாளா?" என்று கேட்டார்கள். "வருவா" என்றேன். "வாரேன்னு சொல்லிட்டால்ல, வந்துதான ஆகணும்?" என்று அவர்கள் சொன்னபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

வந்துதானே ஆக வேண்டும்? வரட்டும். 'மூத்த மருமகள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். குடும்பம் திகைக்கிறது' என்று ஒன்லைன் அனுப்பினேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. உடனே சரி என்று பதில் வந்தது. எங்கள் வேலை அன்றன்று எழுதி அன்றன்று எடுப்பது. முழு வசனத்தைப் படிக்க அந்தத் தம்பிக்கு நேரம் இருந்ததே கிடையாது.

வசனத்தில் அவள் வாசல்வரைதான் வருகிறாள். படியேறவில்லை. உள்ளே வா என்று யாரோ சொல்கிறார்கள். அவள் புருஷனைப் பார்த்துச் சொல்கிறாள்: "அன்னைக்கு வரேன்னு சொன்னேன். அது பழக்க தோஷம். சொன்னதுக்காக வந்துட்டேன். இப்பப் போறேன்."

எழுதி முடித்ததும் இயக்குநருக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்த டப்பிங் பெண்ணைக் கூப்பிட்டேன். நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் கூப்பிட்டேன்.

"ஏம்மா, எழுதியிருக்கிறதைப் பேசுறதுதானே உன் வேலை? என் வசனத்தை மாத்த உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?"

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில இருக்கார். நெஞ்சுல ஆபரேஷன். நான் அங்கேருந்துதான் டப்பிங்குக்கு வந்தேன். மைக் முன்னாடி நின்னு ஒரு புருஷன் மூஞ்சியப் பாத்து அந்த வார்த்தைய எப்படிக்கா சொல்லுவேன்? தொண்டைக்குள்ளயே நின்னுருச்சு. வாய் தானா வரேன்னு சொல்லிருச்சு" என்றாள்.

எனக்குத் திட்ட வரவில்லை. என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஆனால் விட்டுவிடவும் மனம் இல்லை. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது, என் காட்சியிலும் நியாயம் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்று ஏன் சாக வேண்டும்?

"நாளைக்குத் திரும்ப அந்த வார்த்தை வருது" என்றேன். "இந்தத் தடவை மாத்த முடியாது. நீ முடியாதுன்னா சொல்லு, வேற குரல் கேக்குறேன். உன்னைக் குறை சொல்ல மாட்டேன்."

"வேற குரலா? ஆரம்பத்துலேருந்து அவளுக்கு நான்தானேக்கா பேசுறேன்!" குரலில் ரோஷம் வந்துவிட்டது. பிறகு தயங்கி, "நீங்க யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா அப்படி?" என்று கேட்டாள்.

"சொல்லியிருக்கேன். வாசல்ல நின்னு, சத்தமா."

"ஒண்ணும் ஆகலயா?"

"என்னென்னமோ ஆச்சுன்னாங்க. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவள் யோசித்தாள். "அப்ப ஒண்ணு செய்றேன்க்கா. மைக் முன்னாடி போறதுக்கு முன்னாடி அவருக்கு போன் போட்டு, வரேங்கன்னு சொல்லிடுறேன். சொல்லிட்டு அப்புறம் இதைச் சொல்றேன். கணக்கு சரியாயிடும்ல?"

"தாராளமாச் சொல்லு. உனக்கு ஒரு வரேன், அவளுக்கு ஒரு போறேன்."

அவள் சொன்னாள். எப்படிச் சொன்னாள்! எபிசோடு வந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. கத்தவில்லை, அழவில்லை. அரிசியில் கல் பொறுக்கி வெளியே வைக்கிற மாதிரி நிதானமாக அந்த ஒரு சொல்லை எடுத்து வைத்தாள். மதினி, "அடி ஆத்தீ!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் உருளுகிற சத்தம் மட்டும் கேட்டது.

களத்தில் மறுநாள் பெரிய சண்டை. "அறுத்துவிட்டா பாரு, அவ பொம்பள" என்றாள் பெரியம்மா. "தாலியக் கட்டிக்கிட்டு சொல்ற பேச்சா அது? இவ எழுதுறதையெல்லாம் பாத்து நம்ம வீட்டுப் பிள்ளைகளும் கெளம்புனா என்ன செய்வ?" என்றாள் இன்னொருத்தி. ஒருவரை ஒருவர் பேச விடவில்லை. மிளகாய் பிரிக்கிற வேலை அன்றைக்குப் பாதிதான் நடந்தது. எனக்கு அதைவிடப் பெரிய பரிசு எவரும் கொடுக்க முடியாது.

சேனல் தம்பியின் பேச்சில் அன்றைக்குத் தேன் இல்லை. ஏமாற்றிவிட்டேன் என்றார். ஒன்லைனில் எழுதியதுதானே நடந்தது என்றேன். ஏகப்பட்ட பேர் திட்டுகிறார்கள் என்றார். பார்த்துவிட்டுத்தானே திட்டுகிறார்கள் என்றேன். கடைசியில், "சரி மேடம், விடுங்க. அடுத்த வாரம் திரும்பக் கூட்டிட்டு வந்துடுங்க. இந்தத் தடவை நிஜமா" என்றார்.

"அவ வர மாட்டா."

"மேடம், அது ஒரு கேரக்டர்."

"தெரியும். அதனாலதான் வர மாட்டா."

"வேற ரைட்டர வச்சு எழுதிக்குவோம்."

"எழுதிக்கங்க. என் பேரை எடுத்துட்டு எழுதுங்க."

எடுத்துவிட்டார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நான் பெற்று வளர்த்த மாதிரி வளர்த்தவளை இன்னொருத்தர் கையில் விட்டுவிட்டு வந்து நின்றேன். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் டி.வி. ஓடுகிற நேரத்தில் காரியம் இருக்கிற மாதிரி களத்துப் பக்கம் போய்விடுவேன். ஆனால் எழுதித் தருகிறேன் என்று ஒரு போன் பண்ணவில்லை. பண்ணவும் மாட்டேன்.

மிளகாய் மூட்டை பிடிக்கிற நாள் வந்தபோது வீட்டிலேயே வேலை இருந்தது, தப்பித்துப் போக முடியவில்லை. மதினி வந்து உட்கார்ந்தாள். டி.வி.யில் மழை. மூத்தவள் நனைந்துகொண்டே ஓடி வந்து மாமியார் காலில் விழுந்தாள். "நான் செஞ்சது தப்பு அத்தை, தப்பு அத்தை." அதே நடிகை, அதே சேலை. குரல்கூட அந்த வடபழனிப் பெண்ணுடையதுதான், பாவம், அவள் என்ன செய்வாள். சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன்.

சட்டென்று சத்தம் நின்றது. அம்மா எழுந்துபோய் டி.வி.யை அணைத்திருந்தாள்.

"என்ன அத்த, நல்ல கட்டத்துல அமத்திட்டீக?" என்றாள் மதினி.

"இவ அவ இல்ல."

"அவதான் அத்த! அதே பிள்ளதான்."

"நாந்தான் சொல்றேன்ல, இவ வேற எவளோ. அவ போயிட்டா."

என் அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதே இல்லை. செத்தவர்களைக்கூட அவள் 'சேந்துட்டாக' என்றுதான் சொல்வாள். மதினி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சத்தை வேறு யார் வீட்டிலாவது பார்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பினாள். நான் மிளகாயை அள்ளிச் சாக்கில் போட்டேன். அம்மா சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏடி" என்றாள். "அவ வீட்டை விட்டுப் போனாள்ல. அன்னைக்குப் பொழுதுக்கு எங்கன போயிப் படுத்திருப்பா?"

"அதை நாங்க எழுதலம்மா."

"எழுதாட்டி? ஒருத்தி கெளம்பிப் போனா எங்கனயாச்சும் படுத்துத்தான ஆகணும்?"

நான் மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ரயில் ஸ்டேஷன்ல. பொம்பளைங்க இருக்கிற ரூம்ல. துணிப்பையத் தலைக்கு வச்சு."

"கஞ்சி தண்ணி?"

"பன்னு. ஒரு டீ. மறுநாளும் அதுதான்."

"பயந்திருப்பால்ல?"

"பயந்தேன்."

சாக்கின் வாய் அம்மா கையிலிருந்து நழுவி மடங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. "இத்தன வருசமா ஏன்டி எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"நீ கேக்கலயேம்மா."

அழுதுகொண்டு சொல்லவில்லை. கோபமாகத்தான் சொன்னேன். அந்தக் கோபம் எனக்கு அன்றும் நியாயமாகப் பட்டது, இன்றும் படுகிறது. அம்மாவுக்கும் பதிலுக்குக் கோபம் வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்க் காந்தல் கண்ணில் பட்டுத் தண்ணீர் வர வர, என்னைப் பார்த்து அதட்டினாள்.

"இப்பக் கேக்குறேன்ல? சொல்லு."